மந்திரி ஓர்வேனின் கடைசி வசனம்

ஒசாகாவில் கியோபாஷி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு கட்டடம். கீழே இறைச்சி சுட்டுத் தரும் கடை, மூன்றாவது மாடியில் வீடியோ கேம் செய்யும் சின்னக் கம்பெனி. சுமியே இனுகாய் அங்கே கதை எழுதுகிறவள். கீழ்க்கடைப் புகை மாடிப்படி ஏறி வந்து அவள் தலைமுடியில் குடியேறிவிடும். ரயிலில் பக்கத்தில் நிற்பவர்கள் அவளை விருந்து முடித்து வருகிறவள் என்றுதான் நினைப்பார்கள். மதியம் அவள் சாப்பிட்டது இரண்டு சோற்றுருண்டை.

வாளும் மந்திரமும் அரக்கர்களுமாகப் போகும் கதை விளையாட்டுகள்தான் அந்தக் கம்பெனிக்குப் பிழைப்பு. ஆடுகிறவர் நாயகனாகி, ஊர் ஊராகப் போய், எதிர்ப்பட்டவரிடமெல்லாம் பேச்சுக் கொடுத்து, குறுக்கே வந்த அரக்கர்களை வெட்டிச் சாய்த்து, கடைசியில் வில்லனின் கோட்டைக்குள் நுழையவேண்டும். விளையாட்டுக் கேசட்டின் மேல் டோக்கியோவிலுள்ள பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். இவர்கள் பெயர் ஆட்டம் முடிந்தபின் ஓடுகிற பொடி எழுத்தில் வந்தால் உண்டு. பாடு ஒருத்தருக்கு, பேர் ஒருத்தருக்கு. அந்தத் தொழிலில் இதை யாரும் அநியாயம் என்று நினைப்பதுகூட இல்லை.

முன்பு ஒரு பாத்திரக் கம்பெனிக்கு விளம்பரத் தாள் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். இங்கே வேலை கேட்டு வந்த அன்று, ஒரு வில்லனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் கொம்பும் இறக்கையுமாக எழுதிக் கொடுத்தார்கள். இவள் ஒரு கிராம அலுவலகக் குமாஸ்தாவை எழுதிக் கொடுத்தாள். டைரக்டர் குவஹாரா படித்துப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவன் வீடு வீடாப் போய்க் கும்பிடறானே. இவனா வில்லன்?"

"ஆமாங்க. கும்பிட்டுக் கும்பிட்டே ஊரைக் காலி பண்ணிடுவான்."

குவஹாரா சிரிக்கவில்லை. மறுவாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அந்தக் குமாஸ்தாவை அவள் எங்கேயும் தேடிப் பிடிக்கவில்லை. அவர் அவளைப் பெற்றவர், பெயர் தெய்ஸோ. நாரா மலைகளுக்குள் இருந்த அவர்கள் ஊரை மூழ்கடித்து மின்சாரத்துக்கு அணை கட்டுவது என்று முடிவானபோது, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக வீட்டு முத்திரை வாங்க அலுவலகம் அவரைத்தான் அனுப்பியது. உள்ளூர்க்காரர், யாருக்கும் கெட்டவரில்லை, நன்றாகக் குனிவார். கக்கத்தில் ஒரு சாக்கே மதுப் பாட்டிலோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினார். எல்லாரையும் ஒரே மேட்டில் சேர்த்துக் குடிவைப்பார்கள், அக்கம்பக்கம் மாறாது என்று சொன்னார். ஊர் நம்பி முத்திரை வைத்தது. பிறகு மேடும் வரவில்லை, அக்கம்பக்கமும் மிஞ்சவில்லை. திசைக்கு ஒரு குடும்பமாகச் சிதறிப்போனார்கள்.

அடுத்த வீட்டில் தோஃபு எனும் சோயாக்கட்டிக் கடை வைத்திருந்த மியாட்டா குடும்பம், சுமியேவும் அவள் அக்கா தொக்கியேவும் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்த வீடு. ஊரை விட்டுப் போன அன்று காலை அந்த வீட்டம்மாள் எப்போதும்போல ஒரு கிண்ணத்தில் தோஃபுவைக் கொண்டுவந்து இவர்கள் வாசலில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அதைச் சாப்பிடவும் இல்லை, கொட்டவும் விடவில்லை. புளித்து நாறும்வரை அது அங்கேயே இருந்தது.

"ஏம்பா அவங்களை அனுப்பிட்டே?" என்று சின்னவள் சுமியே கேட்டிருக்கிறாள்.

"மேல இருந்து சொன்னாங்கம்மா. நான் என்ன பண்ண முடியும்."

வருஷங்கள் ஓடின. அம்மா போய்ச் சேர்ந்தாள். எப்போது கேட்டாலும் அதே பதில்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நல்ல பழமொழிதான், அம்புகள் அதைச் சொல்லத் தொடங்காதவரை. அப்பா மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. "ஆமாம், நான்தான் செய்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அவரிடமிருந்து அது வராது என்று தெரிந்தபிறகுதான் அவள் மந்திரி ஓர்வேனை எழுத உட்கார்ந்தாள்.

ஓர்வேன், அவள் எழுதிய விளையாட்டின் வில்லன். வறட்சியில் தவிக்கும் தலைநகருக்காகத் தான் பிறந்த பள்ளத்தாக்கைத் தண்ணீரில் மூழ்கடித்தவன். அங்கே தப்பிப் பிழைத்த ஒரு பெண்தான் நாயகி. அவள் வழியெல்லாம் அவனைத் துரத்திக்கொண்டு போகிறாள். போகும் இடமெல்லாம் அவன் நல்ல மனிதன் என்றே கேள்விப்படுகிறாள். தலைநகரத்துப் பிள்ளைகள் அவன் வெட்டிய கால்வாயில் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுவதா, விடுவதா என்று ஆடுகிறவருக்கே கை தயங்கும். கடைசியில் கோட்டையில் ஒண்டியாக உட்கார்ந்திருக்கும் ஓர்வேன் சொல்கிறான்:

"எந்த வீட்டில் எந்நேரம் அடுப்பு எரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மதகைத் திறந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் செய்தேன்."

இந்த வசனத்துக்காகத்தான் மற்ற எல்லாமே. காடு, குகை, வௌவால், மந்திரக்கோல் எல்லாம் இதற்குப் போட்ட பாதை. வில்லன் கதைக்கு உழைக்கவேண்டும் என்பது சுமியேவின் கட்சி. அவனை உருவிவிட்டால் கதை பொத்தென்று விழவேண்டும், விழாவிட்டால் அவன் வெறும் வழிமறியல். அக்காவிடம் தொலைபேசியில் வசனத்தைப் படித்துக் காட்டினாள். தொக்கியே பக்கத்து நகரமான சகாயில் குடியிருக்கிறாள், அப்பாவும் அவளோடுதான். பகலெல்லாம் மளிகைக் கடையில் வேலை, வீட்டுக்கு வந்தால் இந்தமாதிரி விளையாட்டுகளில் தலை கொடுத்துவிடுவாள். நாற்பதை நெருங்கியும் அந்தப் பைத்தியம் தீரவில்லை.

"அந்த ஆளு வாயில இருந்து அதைக் கேக்கறதுக்காகவே ஆடுவேன்டி" என்றாள் வசனத்தைக் கேட்டதும்.

வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது டோக்கியோவிலிருந்து உஷியோதா வந்தார். பெரிய கம்பெனியின் துறைத் தலைவர். கையில் இனிப்புப் பெட்டி, முகத்தில் நல்ல மரியாதை. கூட்ட அறையில் குவஹாராவும் சுமியேவும், படம் வரைகிற தொபாஷியும், கணினி வேலைக்காரர்களும் உட்கார்ந்தார்கள். உஷியோதா தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"கதை அருமைங்க. டோக்கியோவுல எல்லாரும் பாராட்டறாங்க. ஒரே ஒரு சின்ன விஷயம். கடைசியில வர்றது வெறும் மனுஷன்தானா?"

"ஆமாங்க, மந்திரி" என்றார் குவஹாரா.

"அதில்ல. இத்தனை நாள் ஆடினவங்க கடைசியில திரை முழுக்க ஏதாவது ஒண்ணு எழுந்து நிக்கும்னு எதிர்பார்ப்பாங்க. மந்திரிக்குப் பின்னால ஒருத்தன் இருந்தான், இருட்டுக் கடவுள் மாதிரி, அவன்தான் மந்திரியை ஆட்டி வச்சான், அப்படின்னு வச்சுக்கலாமே. தொபாஷி-சான் போன வருஷம் வரைஞ்ச ஒண்ணு சும்மாத்தானே கிடக்குது."

அது கைவிடப்பட்ட வேறொரு விளையாட்டுக்காக வரைந்த பூதம். ஆறு கை, வயிற்றில் ஒரு வாய். தொபாஷி அதற்காகக் கண் கெட உழைத்திருந்தான், விளையாட்டு நின்றபோது தனியாகப் போய் அழுதான் என்றும் கேள்வி. இப்போது அவன் முகம் மலர்ந்ததைச் சுமியே பார்த்தாள். அந்த மலர்ச்சியைக் கெடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

உஷியோதா சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த நாட்களில் எல்லா விளையாட்டிலும் அதுதான் வழக்கம். மாமியாருக்கு மேல் ஒரு மாமியார் என்பதுபோல, வில்லனுக்குப் பின்னால் ஒரு வில்லன், அவனுக்குப் பின்னால் ஓர் ஆதிக்கடவுள். கடைசி அறையில் முதல்முறையாகத் தலைகாட்டி, "எல்லாம் என் வேலை" என்று சிரித்துவிட்டுச் செத்துப்போகும் அந்த ஜந்துவுக்கும் கதைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனால் திரை நிறையும். பார்த்தவர்கள் ஒரு வாரம் பேசுவார்கள்.

அறையில் யாரும் பேசவில்லை. சுமியே குவஹாராவைப் பார்த்தாள். வெளிக்கம்பெனிக்காரர் முன்னால் பெரியவரை முந்திக்கொண்டு பேசுவது அவரைத் தலைகுனிய வைப்பதாகும். அவர் சொல்லட்டும். குவஹாரா தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினி வேலைக்காரர்கள் மேசையைப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகப் புகை வந்தது.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம்தான்னு எடுத்துக்கறேன்" என்றார் உஷியோதா. எல்லாரும் தலை குனிந்தார்கள். சுமியேவின் தலையும் குனிந்தது. நல்ல பழக்கம் உள்ள கழுத்து, அவளைக் கேட்காமலே குனிந்தது.

அன்று மாலை நின்றுகொண்டே குடிக்கும் கடையில் குவஹாரா இரண்டாவது கோப்பையைக் காலி செய்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா வாயைத் தொறக்கல?"

"நானா?"

"உன் கதைதானே. எழுதினவ 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பின்னாடி மலையாட்டம் நின்னிருப்பேன். உன்னை முந்திக்கிட்டு நான் பேசினா, உன் கதையை நானே எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. அதான் சும்மா இருந்தேன்."

"நீங்க சொல்வீங்கன்னுதான் நான் சும்மா இருந்தேன்."

குவஹாரா அவளையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அது நல்ல சிரிப்பாக இல்லை. வாசலில் நின்று நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று இருவரும் ஒதுங்கியதில் ரயில் போய்விட்ட கதைதான்.

"நாளைக்குப் போன் போட்டுச் சொல்லிடலாமா?" என்றாள்.

"தலையாட்டி அனுப்பிட்டோம். இனிமே மாத்திப் பேசினா உஷியோதா-சானால டோக்கியோவுல தலைகாட்ட முடியாது. அவரு மரியாதையைக் கெடுத்தா அடுத்த வேலை நமக்கு வராது." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அம்பது பேரு வீட்டுல சோறு வேகணும், இனுகாய்-சான்."

அம்பது பேர் என்பது பொய், கம்பெனியில் மொத்தமே இருபது பேருக்குள்தான். ஆனால் அந்த இருபது வீட்டிலும் சோறு வேகத்தான் வேண்டும்.

பூதத்துக்கு குராத்மஸ் என்று பெயர் வைத்தார்கள். அது கேசட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் இடம் போதவில்லை. ஆறு கைக்கும் வயிற்று வாய்க்கும் வேண்டிய இடத்தை எங்கிருந்தாவது பிடுங்கியாகவேண்டும். ஊர்க்காரர்களின் பேச்சைக் குறைத்தார்கள், கால்வாயில் குளித்த பிள்ளைகளை எடுத்தார்கள், பிறகு ஓர்வேனின் கடைசிப் பேச்சில் கை வைத்தார்கள். திரையடியில் வரும் பேச்சுக் கட்டத்தில் அவனுக்கு ஒரே ஒரு தடவைதான் இடம் என்று கணினிக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அதற்குள் குராத்மஸையும் சொல்லவேண்டும், ஓர்வேன் ஏன் செய்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

சுமியே எழுதினாள். "மேலிருந்து குராத்மஸின் ஆணை வந்தது. நான் என்ன செய்ய முடியும்." கட்டத்துக்கு ஓர் எழுத்தும் கூடவில்லை, குறையவில்லை. பழைய வசனத்துக்கு மாதக்கணக்கில் மல்லாடியவளுக்கு, இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே காதில் இருந்த வாசகம்தானே. எழுதி முடித்ததும் கழிப்பறையில் போய் வெகுநேரம் நின்றாள்.

ஒரு தந்திரமும் செய்து பார்த்தாள். கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சத்திரக்காரி உண்டு. "தங்குகிறீர்களா?" என்று கேட்பதுதான் அவள் வேலை. அவளிடம் இரண்டாம் தடவை பேச்சுக் கொடுத்தால், "மதகைத் திறந்தது மந்திரிதான். யாரும் அவரிடம் சொல்லவில்லை" என்று சொல்லும்படி வைத்தாள். ஒரு கட்டம்தான், யார் கண்ணிலும் படாது என்று நினைத்தாள். ஆனால் பிழை தேடுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்களே. ராப்பகலாக ஆடிப் பார்க்கும் அந்தப் பையன்கள் நல்ல வேலைக்காரர்கள். சத்திரக்காரியின் பேச்சு முடிவோடு முரண்படுகிறது, திருத்தவும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். முரண்படத்தான் செய்தது. சுமியே தன் கையாலேயே அதை அழித்து, "இரவில் குளிராக இருக்கும்" என்று மாற்றினாள்.

விளையாட்டு வெளிவந்தது. விற்பனை சுமாரைவிடக் கொஞ்சம் மேல். ஒரு பத்திரிகை, கதை நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் கடைசியில் வரும் பூதம் யார், எங்கிருந்து வந்தான், அவனில்லாவிட்டால் கதைக்கு என்ன குறை என்று கேட்டிருந்தது. மந்திரியைப் பொம்மையாக்கியதும் அதுவரை ஆடியதெல்லாம் வீணாகிவிட்டது என்றும் எழுதியிருந்தது. சுமியே அதைப் படித்துவிட்டு, யாரோ தெரியாத மனிதர் தன் வீட்டுத் துக்கத்துக்கு வந்துபோனதுபோல உணர்ந்தாள்.

நன்றி சொல்லும் விருந்தில் உஷியோதா அவளுக்குத் தானே பீர் ஊற்றினார். முகம் சிவந்திருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா இனுகாய்-சான். எனக்கும் அந்த மந்திரியைத்தான் புடிச்சிருந்தது. முதல்ல எழுதியிருந்த வசனத்தைப் படிச்சிட்டு ராத்திரி தூங்கல."

அவள் கோப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"அப்போ ஏங்க?"

"விற்பனைக்காரங்க ஒருதடவை கேட்டுப் பாருன்னாங்க. நீங்க யாராவது முடியாதுன்னு சொன்னா, 'ஒசாகாக்காரங்க பிடிவாதமா இருக்காங்க'ன்னு போய்ச் சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க எல்லாரும் உடனே ஒத்துக்கிட்டீங்க. சரி, உங்களுக்கே பூதம்தான் பிடிச்சிருக்கு போலன்னு..." அவர் தன் கோப்பையைப் பார்த்தார். "விற்பனைக்காரங்களும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாங்களாம். பின்னால தெரிஞ்சது."

சுமியேவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் மேல் கோபப்படுவது என்று பின்னால், பின்னால், இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கே ஆறு கையோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் அடுத்தவர் பேசுவதற்காகக் காத்திருந்தவர்கள். அவள் தலை குனிந்து நன்றி சொன்னாள்.

புத்தாண்டுக்குச் சகாய் போனாள். மோச்சி என்ற அரிசிமாவு உருண்டை போட்ட சூப் குடித்தாகிவிட்டது. கணப்பு வைத்த தாழ்ந்த மேசையின் போர்வைக்குள் மூவரும் கால் நீட்டியிருந்தார்கள். அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருக்கு விளையாட்டும் தெரியாது, மகள் எழுதும் கதையும் தெரியாது. தொலைக்காட்சியில் ஏதோ சண்டை ஓடுகிறது என்பதோடு சரி. தொக்கியே பல் கடித்துக்கொண்டு கோட்டைக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன்டி. இதோ உன் ஆளு."

சுமியே எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். போகவில்லை. திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பது அக்காவின் பழக்கம்.

"'மேலிருந்து குராத்மஸின் ஆணை வந்தது. நான் என்ன செய்ய முடியும்.'"

பொத்தானை அழுத்தினாள். ஓர்வேன் மறைந்தான். பூதம் எழுந்து திரையை நிறைத்தது. தொக்கியே அதைப் பார்க்கவே இல்லை, தங்கையைப் பார்த்தாள்.

"நான் ஏதாவது தப்பா ஆடிட்டேனா? வேற முடிவு இருக்கா?"

"இல்லக்கா. ஒரே முடிவுதான்."

"நீ போன்ல படிச்சியே, அது எங்கடி? அடுப்பு, மதகு..."

"எடுத்துட்டாங்க."

"யாரு?"

சுமியேவுக்கு உண்மையைச் சொல்லத்தான் ஆசை. நான்தான் எடுத்தேன், என் கையால் எடுத்தேன், வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் தலையாட்டினேன் என்று சொல்லவேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

"மேல இருந்து சொன்னாங்கக்கா. நான் என்ன பண்ண முடியும்" என்றாள்.

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது. தொக்கியேவுக்கும் விழுந்திருக்கவேண்டும். அவள் சட்டென்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். மேசை நடுவில் இருந்த தட்டிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார். வெள்ளை நாரை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். பெண்களுக்கு அவர் பழம் உரித்துக் கொடுத்ததாகச் சுமியேவுக்கு ஞாபகமே இல்லை.

"ஆமாம்மா" என்றார் மெதுவாக. "மேல சொன்னா நாம என்ன பண்ண முடியும். நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. எனக்குத் தெரியும்."

உரித்த பழத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். முகத்தில் அவ்வளவு பரிவு. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவையும் அவள் கட்சியில் நின்றதில்லை, இன்றுதான் நின்றார். வேண்டாம் என்று சொல்ல இந்தத் தடவையும் சுமியேவுக்கு வாய் வரவில்லை. ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.